லினக்சு கருனியில் பழைய துவக்க அளவுருக்கள்

துவக்க அளவுருக்கள் என்பவை, கணினி துவங்கும்போது கிரப் போன்ற துவக்க ஏற்றி லினக்சு கருனிக்கு (கெர்னல்) ஒரே வரியாகத் தரும் அமைப்புகள் ஆகும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு உள்ளிட்ட எல்லா லினக்சு வழங்கல்களுக்கும் இம்முறை பொதுவானது.

பின்னணி

பழைய ஐஎஸ்ஏ அட்டைகள் பலவும் தம்மைத் தாமே அடையாளம் காட்டாதவை. எனவே பிணைய அட்டையின் குறுக்கீட்டு எண்ணையும் முகவரியையும் "ஈதர்=" என்னும் அளவுரு மூலம் பயனரே தெரிவிக்க வேண்டியிருந்தது. பிசிஐ அட்டைகள் இவ்விவரங்களைத் தாமே தருவதால் இத்தேவை குறைந்தது.

கையாளும் முறை

- பழைய முறையில் பதிவான அளவுரு: அதற்குரிய செயற்கூறு அழைக்கப்படும். செயற்கூறு இன்றிப் பெயர் மட்டும் பதிவாகியிருந்தால், அளவுரு வழக்கொழிந்ததால் புறக்கணிக்கப்பட்டது என்ற எச்சரிக்கை பதிவாகும்.
- பெயரின் நடுவே புள்ளியுள்ள அளவுரு: புள்ளிக்கு முன்னுள்ளது இயக்கியின் பெயர். அந்த இயக்கி கருனிக்குள் இல்லையெனில், பின்னர் அதை ஏற்றும் மோட்புரோப் நிரல் அளவுருவை எடுத்துக்கொள்ளும்.
- கருனி அறியாத அளவுரு: முதல் நிரலான இனிட்டுக்கு அனுப்பப்படும். சமக்குறி உள்ளவை சூழல் மாறிகளாகச் செல்லும்.

விளைவு

பயனற்ற அளவுருவைக் கண்டு கருனி துவக்கத்தை நிறுத்துவதில்லை. பழைய ஐடிஇ இயக்கிகள் 2021-இல் வெளியான 5.14 பதிப்பில் நீக்கப்பட்டன. அவற்றுக்கான அளவுரு துவக்க வரியில் இன்னும் இருந்தாலும் கணினி துவங்கும். ஆனால் வட்டுக்கெனக் கொடுத்த அமைப்பு நடைமுறைக்கு வராது. எழுத்துப்பிழையுள்ள அளவுருவின் நிலையும் இதுவே. எனவே கருனியைப் புதுப்பித்தபின், துவக்க வரியைக் கருனியின் பதிவுச் செய்திகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.