சுண்டெலியின் நீச்சலும் வல்லாரை மாத்திரையும்

வல்லாரை, நீர்ப்பிரமி மாத்திரைகளின் உறைகளில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்னும் வாசகம் காணப்படுவதுண்டு. மனச்சோர்வுக்கோ மறதிக்கோ மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதனைக் கொடுக்கலாமா எனக் குடும்பத்தினர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்வாய்வு யார்மீது நடந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெரும்பாலும் அது எலிகளின் மீதும் சுண்டெலிகளின் மீதும் நடந்ததாகவே இருக்கும்.

எலியிடம் ‘மனம் சோர்ந்திருக்கிறதா?’ என்று கேட்டறிய இயலாது. ஆகவே அதன் நடத்தையை அளக்கின்றனர். ரோஜர் போர்சோல்ட் குழுவினர் 1977-இல் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் விடப்படும் எலி முதலில் தப்பிக்க நீந்தும். சற்று நேரத்தில் முயற்சியைக் கைவிட்டு அசைவின்றி மிதக்கும். மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மருந்தைப் பெற்ற எலி மிதக்கும் நேரம் குறைகிறது. மூலிகைச் சாரம் பெற்ற எலியும் அவ்வாறே நீந்தினால், சாரத்திற்கு ஆற்றல் இருக்கக்கூடும் எனக் கொள்கின்றனர். சுண்டெலியை வாலால் 6 நிமிடம் தொங்கவிட்டு அளக்கும் முறையும் உண்டு.

இங்கே ஓர் இடர்ப்பாடு உள்ளது. சுண்டெலியில் ஒரே வேளை மருந்து ஒரு மணி நேரத்திற்குள் பலன் காட்டுகிறது. மனிதர்க்கோ அம்மருந்து பயன்தர வாரங்கள் ஆகின்றன. காபியிலுள்ள காஃபீனைப் போன்று வெறும் சுறுசுறுப்பைத் தூண்டும் பொருளும் எலியை நீந்தச் செய்யும். ஆதலின், திறந்த பெட்டியில் எலி எவ்வளவு ஓடுகிறது என்பதையும் நல்ல ஆய்வாளர் தனியே அளப்பர். அவ்வளவீடு இல்லாத ஆய்வறிக்கையைப் பெரிதாக மதிக்க வேண்டியதில்லை.

நினைவாற்றலை அளக்க, ரிச்சர்ட் மோரிஸ் 1980-களின் தொடக்கத்தில் வகுத்த நீர்த்தொட்டி பயன்படுகிறது. கலங்கிய நீருக்கடியில் மறைந்துள்ள மேடையை எலி எத்தனை நொடிகளில் நினைவுகூர்ந்து அடைகிறது என்பதே கணக்கு. பெரும்பாலும் ஸ்கோபாலமின் ஊசியால் எலிக்குத் தற்காலிக மறதியை உண்டாக்கி, அதனை மூலிகை தடுக்கிறதா எனப் பார்க்கின்றனர். அல்சைமர் நோயில் மூளை அணுக்கள் படிப்படியாக அழிகின்றன. ஊசியின் மறதியோ சில மணி நேரத்தில் நீங்கிவிடும். இரண்டும் ஒன்றல்ல.

அளவிலும் கவனம் வேண்டும். சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவிற்கு 200 மில்லிகிராம் சாரம் கொடுத்திருந்தால், உடற்பரப்புக் கணக்கின்படி 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது ஏறத்தாழ 1 கிராம்; நேரடியாகப் பெருக்கினால் 12 கிராம் என்று வரும்! அதுவும் ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாரத்தின் அளவே. வீட்டில் அரைத்த கீரைக்கு அக்கணக்கு பொருந்தாது.

இவ்வாய்வுகள் வீண் என்பதன்று. பனித்துளிப் பூச்செடியில் கண்டறியப்பட்ட கேலன்டமின், விலங்காய்வையும் மனித ஆய்வையும் கடந்து, அல்சைமர் நோய்க்கான மருந்தாக 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நீர்ப்பிரமியும் மனிதரிடம் சோதிக்கப்பட்டுள்ளது: நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாரத்தை 12 வாரம் உட்கொண்டோரிடம் சில நினைவுத் தேர்வுகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தது, சிலர்க்கு வயிற்று உபாதையும் தோன்றியது. அல்சைமர் நோயை அது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது எனக் கருதலாகாது. வல்லாரை மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மனச்சோர்வுக்கென விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், வார்ஃபரின், சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் செயலைக் குறைத்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்க்கு இது பேராபத்து. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றுடன் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் உண்டாகலாம்.

மறதிக்கு மூலிகை தேடுமுன் இரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளைப் பார்த்தல் நலம். முதியோரிடம் மனச்சோர்வே மறதியாக வெளிப்படுவதும் உண்டு. இவை யாவும் சிகிச்சைக்கு உரியவை. மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் தலைசுற்றல், உறக்கமின்மை, நோய் திரும்புதல் ஆகியவை நேரலாம். மூலிகை ஏதேனும் உட்கொண்டு வந்தால், அடுத்த முறை வரும்போது அதன் புட்டியை உறையுடன் எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பின் அதற்கு முன்னரே தெரிவியுங்கள்.