போட்டியாளர்கள் கூடும் ஆய்வகம்

பெல்ஜியத்தின் லூவன் நகரில் இயங்கும் ஐமெக், உலகின் மிகப் பெரிய நுண்மின்னணு ஆய்வு மையங்களில் ஒன்று. தன் பெயரில் ஒரு சிப்பைக்கூட அது சந்தைக்கு அனுப்புவதில்லை. ஆனால் இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி என்று சந்தையில் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டுகின்றன. தங்கள் பொறியாளர்களையும் அங்கே அனுப்பி வைக்கின்றன. இன்றைய கைபேசிக்குள் இருக்கும் சிப்பின் தயாரிப்பு முறைகளில் பல, ஆலைக்குப் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டவை.

1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி பழைய தொழில்கள் நலிந்து தவித்தது. புதிய தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுவதற்காக, காஸ்தன் கீன்ஸ் தலைமையிலான பகுதி அரசு 1982-இல் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. அதன் விளைவாக 1984-இல் ஐமெக் பிறந்தது. இன்றைய கணக்கில் சுமார் 6.2 கோடி யூரோ முதலீடு; தொடக்கத்தில் ஏறத்தாழ 70 பேர். எந்த ஒரு பல்கலைக்கழகமும் தனியாக வாங்க முடியாத கருவிகளை ஓரிடத்தில் வைத்து எல்லோரும் பயன்படுத்துவது என்பதே அப்போதைய எண்ணம்.

மையத்தை உருவாக்கி முதல் தலைவராக இருந்தவர் ரோஜர் வான் ஓவர்ஸ்ட்ராட்டன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வலுவான மின்புலத்தில் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு அவரும் டி மான் என்ற ஆய்வாளரும் 1970-இல் தந்த அளவீடு இன்றும் சிப் வடிவமைப்பு மென்பொருள்களில் புழங்குகிறது. ஆயினும் அவருடைய பெரிய சாதனை இயற்பியலைச் சேர்ந்ததல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கான ஆய்வகமாக மட்டும் இருந்தால் ஐமெக் தேங்கிவிடும் என்று கணித்து, உலகத் தொழில் நிறுவனங்களுக்கு அதன் கதவைத் திறந்துவிட்டதுதான் அது.

கூட்டு ஆய்வு அப்போது புதிதல்ல. ஜப்பான் 1976-லேயே தன் நிறுவனங்களைச் சேர்த்து ஒரு சிப் திட்டத்தை நடத்தியது. அதற்குப் பதிலடியாக அமெரிக்கா 1987-இல் 14 நிறுவனங்களைக் கொண்டு செமடெக் அமைப்பைத் தொடங்கியது. இரண்டுமே சொந்த நாட்டுத் தொழிலைக் காப்பாற்றப் பிறந்தவை. பெல்ஜியத்திடம் அப்படிக் காப்பாற்ற வேண்டிய பெரிய சிப் நிறுவனம் எதுவும் இல்லை. அந்தக் குறையே பின்னாளில் ஐமெக்கின் மூலதனமாயிற்று. யார் பக்கமும் சாய வேண்டிய கட்டாயம் இல்லாத ஆய்வகத்தை எல்லோரும் நம்பலாம் அல்லவா?

அந்த நம்பிக்கைக்கு எழுத்து வடிவம் தந்தது 1990-களின் தொடக்கத்தில் வகுத்த ஒப்பந்த முறை. ஒரு நிறுவனம் ஆய்வுத் திட்டமொன்றில் சேர்ந்தால் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, தன் ஆட்களை லூவனில் தங்கி வேலை செய்ய அனுப்புகிறது. ஐமெக்கிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவைப் பயன்படுத்த உரிமம் கிடைக்கும். ஆனால் அது யாருக்கும் தனியுரிமை அல்ல. சேர்ந்து செய்ததில் கிடைத்த கண்டுபிடிப்பு இருவருக்கும் சொந்தம். ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்துக்காக மட்டும் தனியே செய்த ரகசிய வேலை அந்த நிறுவனத்துக்கே உரியது. சந்தைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் தொழில்நுட்பத்தில் மட்டுமே கூட்டு. ஆலைக்கு நெருங்கியதும் அவரவர் வழி. ஐமெக்கின் கண்டுபிடிப்புகளில் தலையாயது இந்த ஒப்பந்தம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் கருவி தயாரிப்பாளர்களுக்கும் ஆதாயம் உண்டு. கோடிக்கணக்கான யூரோ விலையுள்ள புதிய இயந்திரத்தை எந்த ஆலையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காது. அந்த இயந்திரத்தை முதலில் ஐமெக்கின் தூய அறையில் நிறுத்தினால், வருங்கால வாடிக்கையாளர்கள் பலர் ஒரே இடத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மீப்புற ஊதாக் கதிர் அச்சு முறை. சிப்பின் கோலத்தை சிலிக்கான் வேஃபர் மீது ஒளியால் பதிப்பார்கள். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, கோடுகளை மெல்லியதாக வரையலாம். நெடுங்காலம் பயன்பட்டது 193 நானோமீட்டர் அலைநீளம். புதிய முறையில் அது 13.5 நானோமீட்டர். இந்தக் கதிரைக் கண்ணாடி வில்லை விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். அதனால் இயந்திரம் முழுவதும் வெற்றிடத்தில், பளபளப்பான பல அடுக்கு ஆடிகளைக் கொண்டு இயங்குகிறது. உருகிய தகரத் துளிகளை நொடிக்குச் சுமார் 50,000 முறை லேசரால் தாக்கித்தான் அந்தக் கதிரையே உண்டாக்குகிறார்கள்.

நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் இதற்கான முதல் இரண்டு சோதனை இயந்திரங்களை 2006-இல் அனுப்பியபோது, ஒன்று அமெரிக்காவின் ஆல்பனிக்கும் மற்றொன்று ஐமெக்குக்கும் போயின. இயந்திரத்தைக் கட்டிய பெருமை ஏஎஸ்எம்எல்லுக்கும், ஆடிகளைச் செய்த பெருமை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துக்கும் உரியது. ஐமெக் கையாண்டது அதைச் சுற்றியிருந்த சிக்கல்களை: கதிர்பட்டு மாறும் ரசாயனப் பூச்சு, கோலத்தைத் தாங்கும் முகமூடித் தகடு, அதன்மேல் தூசு விழாமல் காக்கும் மெல்லிய படலம். இவற்றில் பூச்சுதான் பெரும் தலைவலி. இந்தக் கதிரின் ஒவ்வொரு ஃபோட்டானும் பழைய ஒளியின் ஃபோட்டானைவிட 14 மடங்கு ஆற்றல் கொண்டது. ஆகவே அதே அளவு ஆற்றலுக்கு, விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை 14-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் தற்செயலின் கை ஓங்கும். ஒரு துளை உருவாகாமல் போகலாம், அருகருகே உள்ள இரு கோடுகள் ஒட்டிக்கொள்ளலாம். கோடிக்கணக்கான துளைகளில் ஒன்று விடுபட்டாலும் சிப் பழுதாகலாம். இத்தகைய குறைகளை எண்ணுவதும், பூச்சை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2019 வாக்கில்தான் இந்த முறையில் செய்த சிப்கள் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த தலைமுறை இயந்திரத்தில் ஒளியைக் குவிக்கும் திறன் 0.33-லிருந்து 0.55-ஆக உயர்ந்தது. அதற்காக ஏஎஸ்எம்எல்லும் ஐமெக்கும் சேர்ந்து 2024 ஜூனில் நெதர்லாந்தின் வெல்டோவனில் தனி ஆய்வகம் திறந்தன. இரண்டே மாதத்தில், 9.5 நானோமீட்டர் அகலமுள்ள உலோகக் கோடுகளை ஒரே பதிப்பில் வரைந்து காட்டினார்கள். முன்பு இவ்வளவு நெருக்கமான கோலத்தைப் பலமுறை பதித்துத்தான் கொண்டுவர முடிந்தது.

கோடு மெலிந்தால் மட்டும் போதாது. டிரான்சிஸ்டரின் உருவமும் மாற வேண்டும். மெல்லிய தகடுகளை அடுக்கி, மின்வாய் அவற்றை நாற்புறமும் சூழும் வடிவம் இப்போது ஆலைகளுக்கு வந்துவிட்டது. அதற்கும் அடுத்ததாக, இரு வகை டிரான்சிஸ்டர்களையும் நடுவில் ஒரு மெல்லிய சுவர் மட்டுமே பிரிக்கும் வடிவத்தையும், ஒன்றை மற்றொன்றின் தலைமேல் ஏற்றும் வடிவத்தையும் ஐமெக் ஆய்ந்து வருகிறது. சிப்புக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளைப் பின்பக்கம் மாற்றும் முறையிலும் அதன் பங்கு பெரியது. வழக்கமான சிப்பில் மின்கம்பிகளும் சமிக்ஞைக் கம்பிகளும் மேல்பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். புதிய முறையில் வேஃபரைக் கவிழ்த்து மற்றொரு வேஃபருடன் ஒட்டி, முதுகை மிக மெல்லியதாகத் தேய்த்து, அந்தப் பக்கமாக மின்சாரம் தருகிறார்கள். இன்டெல்லின் 18ஏ தலைமுறைச் சிப்கள் பின்பக்க மின்வழங்கலோடு வருகின்றன.

கணினிக்கு வெளியேயும் ஐமெக்கின் வேலைக்குப் பலன் உண்டு. அங்கே உருவான நியூரோபிக்சல்ஸ் என்பது மூளைக்குள் செருகும் சிலிக்கான் ஊசி. 10 மில்லிமீட்டர் நீளமும் 70 மைக்ரான் அகலமும் கொண்ட அதன்மேல் 960 பதிவுப் புள்ளிகள் உள்ளன. அவற்றில் 384-ஐ ஒரே நேரத்தில் கேட்கலாம். தலைமுடி அகலமே உள்ள அந்தத் தண்டைக் கொண்டு, விழித்திருக்கும் எலியின் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களைத் தனித்தனியாகக் கவனிக்க முடிகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வு அறக்கட்டளைகளின் நிதியோடு உருவான இது 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இன்று நரம்பியல் ஆய்வகங்களில் சகஜமான கருவி. 2021-இல் வந்த அடுத்த பதிப்பில் நான்கு ஊசிகளில் 5,120 புள்ளிகள்.

ஐமெக்கிலிருந்து பிரிந்து சென்ற நிறுவனங்களும் பல. ஒளிப்பட உணரிகள் செய்த ஃபில்ஃபேக்டரியை 2004-இல் அமெரிக்காவின் சைப்ரஸ் நிறுவனம் வாங்கியது. 2016-இல் மென்பொருள், தகவல் தொடர்பு ஆய்வு மையமான ஐமைண்ட்ஸ் ஐமெக்குடன் இணைந்தது. இன்று 5,500-க்கும் மேற்பட்டோர் பணியாற்றுகிறார்கள். வருமானத்தின் பெரும்பகுதி தொழில் நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலிருந்தே வருகிறது.

ஆனால் நடுநிலைக்கும் எல்லை உண்டு. 2015-இல் சீனாவின் எஸ்எம்ஐசி, ஹுவாவே ஆகியவற்றுடனும் அமெரிக்காவின் குவால்காமுடனும் ஐமெக் ஒரு கூட்டு நிறுவனத்தில் சேர்ந்தது. 14 நானோமீட்டர் தொழில்நுட்பம் அதன் இலக்கு. அப்போது அது சாதாரண வணிகச் செய்தி. இன்று அப்படியொரு அறிவிப்பை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அமெரிக்க ஏற்றுமதித் தடைகள் இறுகியபின் ஐமெக் சீனக் கூட்டுறவைக் குறைத்துக்கொண்டது. எல்லோருக்கும் பொது என்று வளர்ந்த மையம், ஐரோப்பா தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் சொத்தாக மாறிவருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சிப் சட்டத்தின்கீழ் 2024-இல் அறிவிக்கப்பட்ட நானோஐசி முன்னோடி உற்பத்தித் தடம் அதற்குச் சான்று. 2 நானோமீட்டருக்கு அப்பாற்பட்ட தலைமுறைகளுக்கான அந்தத் திட்டத்தின் மதிப்பு 250 கோடி யூரோ. பாதிக்கு மேல் பொதுப்பணம், மீதி ஏஎஸ்எம்எல் உள்ளிட்ட நிறுவனங்களுடையது. பெரிய ஆலைகள் மட்டுமே தொட முடிந்த தொழில்நுட்பத்துக்கான வடிவமைப்புக் கருவித் தொகுப்புகள், இதன் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கிடைக்கும்.