பாறையில் பதிந்த வண்டித் தடங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வயோமிங் மாநிலத்தில், கர்ன்சி என்னும் சிற்றூருக்கு அருகே மணற்பாறை மேடு ஒன்று உள்ளது. அதன்மேல் சில இடங்களில் ஐந்தடி ஆழத்திற்கு வண்டித் தடங்கள் பதிந்து கிடக்கின்றன. மேற்கு நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களின் மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கிப் பாறையைத் தேய்த்த தடங்கள் இவை. 1840ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அப்பயணம், 1869இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடியும்வரை ஓயவில்லை. இவ்வழிகளில் சென்றோர் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை என மதிப்பிடுவர்.

இத்தடங்களின் வரலாற்றைச் சொல்ல, மக்கள் வரிப்பணத்தில் ஒரு நிலையம் வேண்டுமா? பசித்தவனுக்குச் சோறும் பிணியாளனுக்கு மருந்தும் தேவைப்படும் உலகில், பழைய வண்டித் தடத்திற்கு ஒரு மாளிகையா? இவ்வாறு கேட்பவரை எள்ளி நகையாடுதல் தகாது. கேள்வி நியாயமானதே. வயோமிங்கிலுள்ள காஸ்பர் நகரம் அதற்கு விடை தேட உதவுகிறது.

நான்கு வழிகள் கூடிய இடம்

வட பிளாட் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் காஸ்பர். நான்கு புகழ்பெற்ற வழிகள் இங்கே ஒன்றுகூடின. உழுவதற்கு நிலம் தேடியவர் ஆரிகன் வழியே சென்றனர். 1848இல் பொன் கிடைத்த செய்தி கேட்டவர் கலிபோர்னியா வழியே விரைந்தனர். 1844இல் தங்கள் தலைவர் கும்பலால் கொல்லப்பட்டபின், வன்முறைக்கு அஞ்சி 1846இல் இல்லினாய்சை விட்டகன்ற மோர்மன் சமயத்தார், 1847இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை ஓடிய ‘போனி எக்ஸ்பிரஸ்’ குதிரை அஞ்சலும் இவ்வழியே பறந்தது. தந்திக் கம்பி வந்ததும் அது நின்றது.

சுமார் 2,000 மைல் தொலைவு. நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தால் அது நல்ல நாள். வாந்திபேதி பலரைக் கொண்டுபோயிற்று. மாடும் வண்டியும் வாங்க வசதியற்ற மோர்மன் ஏழைகள் கைவண்டிகளை இழுத்தே நடந்தனர். 1856இல் காலந்தாழ்ந்து புறப்பட்ட இரு குழுவினர் வயோமிங்கில் அக்டோபர்ப் பனியில் சிக்கினர்; இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அரசும் ஊரும் கைகோத்தல்

1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய வழித்தடங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 1978இல் அதைத் திருத்தி, வரலாற்று வழித்தடங்கள் என்னும் பிரிவை உண்டாக்கிற்று. ஆரிகன், மோர்மன் வழிகள் அவ்வாண்டே அதில் இடம்பெற்றன. கலிபோர்னியா வழியும் குதிரை அஞ்சல் வழியும் 1992இல் சேர்ந்தன. காஸ்பர் நிலையத்திற்கு நடுவண் அரசு துணைபுரிய 1998இல் தனிச் சட்டம் பிறந்தது. 2002இல் நிலையம் திறக்கப்பட்டது. நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை, காஸ்பர் நகராட்சி, இதற்கென அமைந்த அறக்கட்டளை ஆகிய மூன்றும் தோள்கொடுத்து எழுப்பியது அது. ஊரார் கைப்பொருளும் இருந்ததால் அது அரசின் கட்டடமாக மட்டும் நில்லாமல், ஊரின் வீடாகவும் ஆயிற்று.

குன்றின்மேல் நிற்கும் அந்நிலையத்தில், கூண்டு வண்டி ஒன்றில் அமர்ந்து, வட பிளாட் ஆற்றைக் கடப்பது எப்படியிருந்திருக்கும் என்பதைப் பார்வையாளர் உணரலாம். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. அன்றைய தாய்மாருக்கோ உயிர்ப்போராட்டம்.

ஆற்றின் மறுகரை

ஆனால் அந்த ஆறும் சமவெளியும் ஆளற்ற வெளியாய் இருந்ததில்லை. லகோட்டா, செயென், அரபாகோ, ஷோஷோனி மக்கள் அங்கே வாழ்ந்தனர். வந்தவர்களின் கால்நடைகள் மேய்ச்சல் நிலத்தைத் தின்றன. பூர்வீகக் குடிகளுக்கு உணவும் உடையும் தந்த காட்டெருமைகள் குறைந்தன.

இதைக் கண்ணாரக் கண்டவர் பெல்ஜியத்தில் பிறந்த இயேசு சபைக் குரு டி ஸ்மெட் அடிகளார். பூர்வீகக் குடிகள் ‘கறுப்பங்கி’ என்றழைத்த அவர், 1840 ஜூலை 5ஆம் நாள் பச்சையாற்றுப் பள்ளத்தாக்கில் திருப்பலி நிறைவேற்றினார். இன்றைய வயோமிங்கில் நிகழ்ந்த முதல் திருப்பலி அதுவே என்பர். பயணிகள் தம் பெயர்களைப் பொறித்த ‘சுதந்திரப் பாறை’யை, பாலைவனத்தின் பெரும் பதிவேடு என்று அவர் வருணித்தார்.

1851இல் லாரமி கோட்டை உடன்படிக்கைக்காகப் பல குலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேர் கூடியபோதும் அடிகளார் அங்கிருந்தார். குடிகள் வழிவிட இசைந்தனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்களை ஐம்பது ஆண்டுகளுக்கு அளிப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. மேலவையோ அக்காலத்தைப் பத்து ஆண்டாகக் குறைத்து, விரும்பினால் மேலும் ஐந்தாண்டு என்று எழுதிற்று. பின்னர்ப் போர் மூண்டது. 1865 ஜூலையில் பிளாட் பாலத்தருகே நடந்த சண்டையில் இருபதே வயதான காஸ்பர் காலின்ஸ் என்னும் படையதிகாரி வீழ்ந்தார். நகரம் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

பொதுப்பணம் சுமத்தும் கடமை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். தனியொருவர் தம் பொருளில் நினைவுச் சின்னம் எழுப்பினால், தம் முன்னோரின் பெருமையை மட்டும் அதில் பாடலாம்; அது அவர் உரிமை. அரசுக்கு அந்த உரிமை இல்லை. அதன் கருவூலம் வண்டியில் வந்தவரின் வழித்தோன்றல்களுக்கும் உரியது. வழியில் நிலம் இழந்தவரின் வழித்தோன்றல்களுக்கும் உரியது. வயோமிங்கின் காற்றாறு ஒதுக்கீட்டு நிலத்தில் ஷோஷோனி மக்களும் அரபாகோ மக்களும் இன்றும் வாழ்கின்றனர். காஸ்பர் நிலையத்தில் பூர்வீகக் குடிகளின் வாழ்வுக்கும் இடம் ஒதுக்கியிருப்பது அவர்களுக்குக் காட்டிய சலுகை அன்று. செலுத்த வேண்டிய கடன்.

ஆதலால் பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாம். ஆனால் முழு உண்மையைச் சொல்லும் பொருட்டே செலவிட வேண்டும். அக்கூண்டு வண்டியிலிருந்து இறங்கும் ஒரு சிறுவன், “நாம் வருவதற்கு முன் இக்கரையில் யார் இருந்தார்கள்?” என்று கேட்கக்கூடும். அவனுக்கு நேரிய விடை அச்சுவரில் எழுதப்பட்டிருக்குமானால், வரி செலுத்தியவன் தந்த காசு வீண்போகவில்லை.