வேலியே பயிரை மேய்ந்தால்

வயலுக்கு வேலியிடுவது பயிரைக் காப்பதற்காக. அவ்வேலியே பயிரை மேயத் தொடங்கினால் உழவன் யாரிடம் முறையிடுவான்? நம் உடலிலும் இத்தகைய விபரீதம் நேர்வதுண்டு. மாணவ நேயர்களிடம் அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நோய்க்கிருமிகளை எதிர்ப்பவை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒருவகை டி அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் இவை பக்குவமடைகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடிய அணுக்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆயினும் சில தப்பிவிடுகின்றன. அவ்வாறாயின் நாம் எல்லோரும் ஏன் நோயுறவில்லை?

இக்கேள்வியை ஆராய்ந்தவர்களுள் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி ஒருவர். பிறந்து மூன்றே நாளான சுண்டெலியின் தைமஸ் சுரப்பியை நீக்கினால், எதிர்ப்பாற்றல் குன்றும் என்றுதானே எண்ணுவோம்? மாறாக, எஞ்சியிருந்த டி அணுக்கள் எலியின் உறுப்புகளையே தாக்கின. வேறோர் எலியின் முதிர்ந்த டி அணுக்களைச் செலுத்தியபோதோ அந்நோய் தடைப்பட்டது. எனவே, டி அணுக்களுள்ளேயே பிற அணுக்களை அடக்கியாளும் ஒரு பிரிவு இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அதை அடையாளங்காட்டி 1995-இல் வெளியிட்டார்.

இதன் மறுபாதி அமெரிக்காவில் இருந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1940-களில் சில ஆண் சுண்டெலிகள் செதில் செதிலாக உரியும் தோலுடன் பிறந்தன. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி, சில வாரங்களில் அவை மாண்டன. பழுது எக்ஸ் குரோமோசோமில் என்பது தெரிந்தது. எந்த மரபணுவில் என்பது தெரியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் தேடலை இருபது மரபணுக்களுக்குள் சுருக்கினர். ஒவ்வொன்றாகச் சோதித்தனர். இருபதாவதிலேதான் பழுது அகப்பட்டது! அதற்கு பாக்ஸ்பி-3 என்று பெயர். ஐபெக்ஸ் எனப்படும் கொடிய குழந்தை நோய்க்கும் மனிதரிடத்துள்ள அதே மரபணுவின் பழுதே காரணம் என்பது 2001-இல் வெளியாயிற்று. அடக்கியாளும் டி அணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாதது இம்மரபணுவே என்பது 2003-இல் புலனாயிற்று. இம்மூவருக்கும் 2025-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐபெக்ஸ் நோயுற்ற ஆண் குழந்தையின் நிலை பரிதாபத்துக்குரியது. குடல் தாக்கப்படுவதால் ஓயாத வயிற்றுப்போக்கு, தோலில் கரப்பான், இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிவதால் மழலைப் பருவத்திலேயே நீரிழிவு. சிகிச்சையின்றேல் பெரும்பாலான குழந்தைகள் பிழைப்பதில்லை.

தாய்க்கு ஏன் இந்நோய் இல்லை? பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒவ்வோர் அணுவிலும் அவற்றுள் ஒன்றே பெரிதும் செயற்படும். பழுதற்ற எக்ஸ் செயற்படும் அணுக்களிலிருந்து அடக்கும் படை உருவாகிவிடுகிறது. ஆணுக்கோ இருப்பது ஒரே எக்ஸ். பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவள் உண்ட உணவோ செய்த தவறோ இதற்குக் காரணமன்று. குழந்தைகளை இழந்த தாயைப் பழிப்பது அறியாமை, கொடுமையுங்கூட.

மீட்சிக்கு வழியுண்டா? எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் நோயை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன. பொருத்தமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மூல அணுக்களைச் செலுத்தினால், அவற்றிலிருந்து செம்மையான அடக்கும் அணுக்கள் தோன்றி, பல குழந்தைகளுக்கு வாழ்வளிக்கின்றன. ஆயினும் அழிந்துபோன இன்சுலின் அணுக்கள் மீளா. ஆகவே நோயைக் காலத்தே கண்டறிதல் வேண்டும்.

நேயர்களே! எதிர்ப்புச் சக்தி பெருகப் பெருக நன்மை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அச்சிறு குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அதை நிறுத்தும் ஆற்றலே இல்லை. தாக்கத் தெரிவது போலவே தாக்காமல் நிற்கத் தெரிவதும் உயிரைக் காக்கிறது.