உயிர்வேலி

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் முதலில் மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் காண்பர். அவற்றைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலை வழியே போடிமெட்டை அடைந்தால், ஏலம் விளையும் மலைச்சாரல் தொடங்கிவிடும். கீழே ஆடுமாடுகளினின்று பயிரைக் காத்தல் வேண்டும். மேலே மழைநீரினின்று மண்ணைக் காத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் ஏற்றது உயிர்வேலி.

இக்காலத்தில் பலர் கல்தூண் நட்டு முட்கம்பி கட்டுகின்றனர். கம்பி வேலி கட்டிய அன்றே காவல் தரும். ஆயின் அன்றே தேயவும் தொடங்கும். உயிர்வேலியோ முதல் இரண்டாண்டுகள் பெரிதும் பயன்படாது. பின்னர் ஆண்டுதோறும் வலுப்பெறும். வெட்டிய முள்ளை அடுக்கி அடைக்கும் வேலி இவ்விரு நன்மையும் அற்றது. இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், உப்பைக் கடத்துவோரைத் தடுக்க வட இந்தியாவில் நெடுந்தொலைவு முள்வேலி அமைத்தனர். காய்ந்த முள்ளைக் கறையான் அரித்தது, தீ எரித்தது, புயல் பெயர்த்தது. 1867இல் உள்நாட்டுச் சுங்க ஆணையராக வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இலந்தை, கருவேல், களா, கள்ளி முதலியவற்றால் உயிர்வேலி வளர்க்க முற்பட்டார். பின்னர்க் காங்கிரசு மகாசபை தோன்றக் காரணராயிருந்தவரும் இவரே. மக்களை வருத்திய அச்சுங்க வேலி 1879இல் கைவிடப்பட்டது.

நம் வறண்ட நிலத்திற்குக் கிளுவை மிகப் பொருத்தமானது. காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இவ்வேலியையே காணலாம். கோடையில் இலையுதிர்த்து வெறுங்கொம்பாய் நிற்கும் கிளுவை, ஒரு மழை பெய்தவுடன் தளிர்க்கும். கழித்த தழை ஆட்டிற்கு உணவாகும். வேலிக்குள் ஓணானும் பறவையும் தங்கிப் பயிர்ப்புழுக்களை உண்ணும்.

இதனை நடுதல் எளிது. பருவமழை தொடங்கும் ஐப்பசியில், முற்றிய கொம்புகளை இரண்டு முழ நீளத்தில் வெட்டி, ஒரு சாண் ஆழத்தில் ஊன்றி, மண்ணை இறுக மிதித்தல் வேண்டும். கொம்புகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி போதும். இரு வரிசையாக நடுவோர், முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசையின் கொம்பை நடுவர். வேலிக்கும் பயிருக்கும் இடையே 3 அடியேனும் விடாவிடில், வேலியின் வேர் பயிரின் நீரை உண்டுவிடும். நுனியை அடிக்கடி வெட்டினாலன்றி அடியில் கிளை செறியாது. உயர்ந்து வளர்ந்த வேலியைக் கண்டு மகிழ்வோர் பலர். ஆடு நுழைவது அடியில் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்!

திருகுகள்ளியும் வேலிக்கு உதவும். வெட்டிய துண்டைச் சில நாள் நிழலில் உலர்த்தியபின் நடுதல் வேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு நேரலாம். ஆதலால் சிறுவர் அதனை ஒடித்தல் ஆகாது.

நட்ட எல்லைக்குள் நில்லாத செடியை வேலிக்குத் தேர்ந்தெடுத்தல் தவறு. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியைப் பலர் வேலியாக வளர்த்தனர். ஒடிந்து விழுந்த மடலெல்லாம் வேரூன்றின; பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. விளைநிலங்கள் கள்ளிக்காடாயின. 1926இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட கொச்சினீல் பூச்சியே அதன் சாற்றை உறிஞ்சி அதனை அடக்கியது. 1809இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடியும் வேலி கடந்து, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புதராய் மண்டிக் கிடக்கின்றது. அதனை அடக்க வல்ல பூச்சி இன்னும் வாய்த்திலது.

மலைச்சாரலில் வேலியின் நோக்கமே வேறு. யானைக்கு எந்தச் செடிவேலியும் பொருட்டன்று. ஆயின் சரிவில் இழிந்தோடும் நீரின் வேகத்தைத் தணிக்க வெட்டிவேர் வரிசை பெரிதும் உதவும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், தூர்களை நெருக்கமாக நடுதல் வேண்டும். அடர்ந்த இலை நீரை வடிகட்டி விடும். நீர் கொணர்ந்த வண்டல் வரிசைக்கு மேற்புறத்தில் தங்கும். வேரோ பக்கங்களிற் பரவாது நேரே ஆழ்ந்து செல்லும். ஆதலால் அண்டையிலுள்ள ஏலத்தூருக்கு இடையூறு இல்லை. தென்னாட்டில் வளர்க்கப்படும் வெட்டிவேர் விதையாற் பரவுவதில்லை. நட்ட இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் வண்டல் படிந்து படிந்து, ஒவ்வொரு வரிசைக்கு மேலும் ஒரு சிறு படிக்கட்டு நிலம் தானே உருவாகிவிடும்.