ரயில் எட்டாத கணவாய்

ஸ்பெயின் தேசத்தின் தென்கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி, மாலகா நகரிலிருந்து மேற்கு நோக்கி ஒரு ரயில் பாதை செல்கிறது. ஃபுயெங்கிரோலா என்னும் ஊருடன் அது நின்றுவிடுகிறது. அதற்கும் மேற்கேயுள்ள மார்பெல்லா பெரிய பட்டணமே. ஆயினும் அங்கு ரயில் நிலையம் கிடையாது. ரயில்வே ஊழியனாகிய எனக்கு இச்செய்தி சிறிது வருத்தமே தந்தது. பட்டணத்தின் பின்புறம், 'வெண்மலை' என்று பொருள்படும் சியெரா பிளாங்கா மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் மறுபுறத்து மோந்தா என்னும் ஊருக்குச் செல்வோர் ஓஹேன் கணவாய்ச் சாலையையே நாடுகின்றனர். சைக்கிள் பிரயாணிகளுக்கும் இது பிரியமான வழி.

கணவாயின் உயரம் 580 மீட்டர்தான். உதகையை அறிந்த நம்மவர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். ஆனால் இந்தச் சாலை கடற்கரையிலிருந்தே புறப்படுகிறது என்பதை மறத்தலாகாது. அத்தனை மீட்டரையும் கால்களே ஈட்டியாக வேண்டும். திருச்சி மலைக்கோட்டையை ஒரே மூச்சில் ஏழு முறை ஏறுவதற்கு இது ஒப்பாகும்.

நம் ஊர்ச் சைக்கிளில் முன்சக்கரப் பற்கள் 44, பின்பற்கள் 18 என்று கொண்டால், பெடலை ஒரு சுற்று மிதிக்க வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். சமவெளியில் ஆபீசுக்குச் செல்ல இது மிக நன்று; மலையிலோ முழங்கால் கெஞ்சும். மலையேறும் வண்டிகளில் முன்னும் பின்னும் 34 பற்களாகச் சமப்படுத்திக்கொள்ள இயலும். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரே நகரும். வேகம் போயிற்று, ஆனால் மூச்சு மிஞ்சுகிறது.

ஏறத்தாழ 335 மீட்டர் உயரத்தில் ஓஹேன் கிராமம் இருக்கிறது. புதிய அகலச் சாலை ஊரை ஒதுக்கிச் செல்கின்றது. சைக்கிளில் வருவோர் ஊருக்குள் நுழைந்து, சதுக்கத்து நீரூற்றில் புட்டியை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். வீடுகள் யாவும் வெண்சுண்ணாம்பு பூசியவை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் நீற்றி, நீர் ஊற்றிக் குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மீண்டும் கல்லாகிறது. வெயிலைத் திருப்பியனுப்பும், பூச்சிகளையும் அண்டவிடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெருங்கிய சந்துகள் அராபியர் காலத்து வழக்கம். மார்பெல்லா அவர்கள் கையை விட்டு நீங்கியது 1485-ல். சந்துகளின் நிழல் மட்டும் இன்றும் நீங்கவில்லை.

கோடைக்காலத்தில் இவ்வழி செல்லலாகாது என்பது என் கருத்து. உள்நாட்டிலிருந்து மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும் 'தெரால்' என்னும் உலர்ந்த அனற்காற்று, வியர்வை தோன்றுமுன்பே அதை உறிஞ்சிவிடும். 2012 ஆகஸ்டு இறுதியில் இப்பக்கத்தில் மூண்ட காட்டுத்தீ 8,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. ஓஹேன் மக்கள் இரவோடிரவாக வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பைன் மரங்களும் கார்க்கு ஓக் மரங்களும் செறிந்த அச்சரிவுகளில் ஒரு சுருட்டுத் துணுக்கும் போதும். வசந்தமும் இலையுதிர் பருவமுமே ஏற்றவை.

கணவாயைக் கடந்ததும் சாலை மோந்தாவுக்கு இறங்குகிறது. குன்றின்மீது பழைய கோட்டை. அதன் கீழே மற்றொரு வெள்ளைக் கிராமம். மோந்தாவே உயரத்தில் இருப்பதால் திரும்பி ஏறவேண்டியது ஏறத்தாழ 200 மீட்டர்தான். அதன் பின்னர் பெரும்பாலும் பிரேக்கைப் பிடித்தபடியே கடல்வரை இறங்கலாம்.