ஆர்.ஓ. வச்சாச்சு... அப்புறம்?

பள்ளிக்கூடத்துல குடிதண்ணி எப்படின்னு கேட்டா, பெரும்பாலும் "ஆர்.ஓ. மெஷின் வச்சாச்சு"ன்னு பதில் வரும். நல்லதுதான். ஆனா கேள்வி அதோட முடியலை மக்களே.

நாம சோதிக்கிறது எதை? டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி அது லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருக்கணும். வேறு தண்ணீரே இல்லைன்னா 2000 வரை ஓகே. அதே தர நிர்ணயம், 100 மி.லி. தண்ணீரில் ஒரு ஈ-கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்கிறது. மீட்டர் 80 காட்டினாலும் கிருமி இருக்கலாம். மீட்டருக்கு அது தெரியாது.

கிருமிக்குக் காவல் குளோரின்தான். குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மி.கி. மிச்சம் இருக்கணும். ஆர்.ஓ.வுக்கு முன்னாடி இருக்கும் கார்பன் ஃபில்டர் இந்தக் குளோரினை எடுத்துவிடும். அப்புறம் அந்தத் தண்ணீர் கழுவாத டேங்கில் நின்றால், கிருமி மறுபடி வளரத் தடையே இல்லை.

இன்னொன்று, ஆர்.ஓ. நிறையத் தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். நம்ம அம்பத்தூருக்குப் பக்கத்து வில்லிவாக்கத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது 2019-இல். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் அதே வருஷம்தான். அதனால உப்பு போர் தண்ணிக்கு ஆர்.ஓ. சரி. மெட்ரோ வாட்டருக்கு, முதலில் அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது குழாய்க் கணக்கு. கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்க தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல யோசனை. ஆனா 400 பசங்க, 2 குழாய், ஆளுக்கு 15 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் குடித்து முடிக்க 50 நிமிஷம்! 10 குழாய் இருந்தால் 10 நிமிஷம். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போற குழந்தைக்கு மெஷின் இருந்து என்ன பயன்?

என்.எஸ்.எஸ். கேம்ப்பில் பள்ளிக்குப் போறவங்க மூணு வேலை செய்யலாம்:

1. குளோரோஸ்கோப்பால் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளோரின் பாருங்க. குறைவா இருந்தால், 1000 லிட்டருக்கு 4 கிராம் புது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்க. சோதித்த தண்ணியைக் கீழே கொட்டிடுங்க.
2. தொட்டி கழுவிய தேதியை எல்லார் கண்ணிலும் படும்படி அதன் மேலேயே எழுதுங்க.
3. குழாய்களை எண்ணுங்க. ஒண்ணாம் வகுப்புக் குழந்தைக்குக் கை எட்டுதான்னும் பாருங்க.